வள்ளியம்மா யாருடா?

வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாகிறது. புதன்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கும் பள்ளிக்கரணையின் அந்த ஒற்றை அறை வீட்டில் தூக்கம் இல்லை. பேரன் கட்டிலில் போனோடு உட்கார்ந்திருக்கிறான். ஆயா கீழே பாயில்.

நாலு பாட்டு கொண்ட முதல் ராப் ஆல்பம். பகலெல்லாம் சாப்பாடு டெலிவரி செய்து சேர்த்த காசில், வேளச்சேரியில் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பாடியது. பாடியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தான். பாதிகூட முடியவில்லை.

2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்' வந்தது சிடி காலம். இப்போது யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் பாட்டை ஏற்றிவிடலாம், கேட்க வைப்பதுதான் பாடு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடியாவது கேட்டால்தான் கணக்கில் வரும். ஓர் ஆண்டில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ராயல்டியே கிடையாது. பெரிய பாடகருக்கு ஆயிரம் ஒரு நிமிஷக் கணக்கு. இவனுக்கு அது மலை.

விளம்பரத்துக்கு ரீல்ஸ் எடுத்திருந்தான். ரேடியல் ரோடு, இரவல் பைக், கூலிங்கிளாஸ். ஆயாவிடம் காட்டினான்.

"யாருடா இது? மூஞ்சே தெரில!"

கோபத்தில் வேறு பாட்டைப் போட்டான். அறிவு 2024-ல் வெளியிட்ட ஆல்பம், 'வள்ளியம்மா பேராண்டி'.

"வள்ளியம்மா யாருடா?"

"அவரோட பாட்டி, ஆயா. அவரு அரக்கோணத்துக்காரரு."

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லாமல் திரும்பியவர் வள்ளியம்மா. 2021-ல் உலகமே ஆடிய 'எஞ்சாயி எஞ்சாமி'க்குள் இருப்பது அந்தக் கதைதான். பாட்டு அத்தனை பரவிய வருஷமே ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் முகம் விடுபட்டு, சர்ச்சையாகி, பிறகு அவருக்குத் தனி அட்டை வந்தது. அதையெல்லாம் பார்த்தவர் தன் ஆல்பத்துக்குப் பாட்டி பெயரையே வைத்தார். விளம்பரம் என்று பார்த்தாலும் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஏது?

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குப்பை மேடு வர்றதுக்கு முன்னாடி அந்தத் தண்ணில நான் கோரை அறுத்திருக்கேன். மீன் புடிச்சிருக்கேன். கால்ல அட்டை ஏறும், உதறிட்டு அறுப்போம்" என்றாள்.

2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம் அவனுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களின் இடம், அவ்வளவுதான். ஆயாவின் கால் பட்ட இடம் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாது. அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஃபேனை நிறுத்தினான், சத்தம் பதிவாகுமே என்று. வேர்க்க வேர்க்க ஆயா பேசினாள். கோரை, அட்டை, அறுத்ததைத் தலையில் சுமந்து கரையேறியது. ஒரு நிமிஷம் தேறியது. கூலிங்கிளாஸ் ரீல்ஸை அழித்துவிட்டு இதைப் போட்டான்.

"உன் பேரும் போடட்டுமா, ஆயா?"

"எனக்கெதுக்குடா பேரு?" என்றவள், விளக்கை அணைத்த பிறகு, "போடேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, மேடவாக்கத்துத் தங்கச்சிக்கு ஆயாவின் வாய்ஸ் மெசேஜ் போனது:

"நம்ம புள்ள பாட்டுடி. முழுசா கேளு. பாதில நிறுத்திடாத, கணக்குல வராதாம்."