கீழ்ச்செருவாய் ஏரிக்கரை

தென்னார்க்காட்டுச் சீமையில் பார்க்கத் தகுந்த இடங்கள் எவை என்று வினவினால், நேயர்கள் உடனே சிதம்பரத்தையும் செஞ்சிக் கோட்டையையும் சொல்வார்கள். திட்டக்குடியைச் சொல்வோர் மிகச் சிலரே. வெள்ளாற்றின் வடகரையில், வைத்தியநாத சுவாமி ஆலயத்தை உடைய இவ்வூர், 1993-ஆம் ஆண்டில் பழைய ஜில்லா பிரிக்கப்பட்டது முதல் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பெண்ணாடத்தில் ரயிலை விட்டிறங்கி மேற்கே பஸ்ஸில் சென்ற நாம், திட்டக்குடியையும் கடந்து தொழுதூர்ப் பக்கமாகப் போய்க் கீழ்ச்செருவாய் என்னும் சிற்றூரில் இறங்கினோம். அங்கே கோபுரமும் இல்லை, கோட்டையும் இல்லை. உயர்ந்த மண்கரை ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் வளைந்து கிடந்தது. அதன்மேல் ஏறியதும் கடல்போல் பரந்த நீர்ப்பரப்பு!

இதனை வெலிங்டன் ஏரி என்கிறார்கள். 1913-இல் தொடங்கிய பணி 1923-இல் முடிவுற்றது. அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்தவர் வில்லிங்டன் பிரபு. ஊரார் நாவில் அப்பெயர் வெலிங்டன் என்றே வழங்குகிறது. பெயர் பிரபுவினுடையதாயினும், அத்தனை மண்ணையும் கூடை கூடையாய்ச் சுமந்த கைகள் நம் ஜனங்களுடையவை என்பதை மறத்தல் தகாது.

வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகின்றன. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் இவ்வாறு, ஐப்பசி, கார்த்திகை மழையில் பொங்கிப் பெருகிப் பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலந்துவிடும். அவ்வெள்ளத்தில் ஒரு பங்கைத் தொழுதூர் அணையில் மறித்து, வாய்க்கால் வழியே இவ்வேரிக்குத் திருப்பி வைத்தார்கள். ஏரியின் கொள்ளளவு 258 கோடி கன அடி. இதை நம்பியிருக்கும் நிலம் ஏறக்குறைய 24,000 ஏக்கர். நான்கு மாதம் தண்ணீர் கிடைத்தால் சம்பா விளையும். கிடைக்காவிடில் களம் வெறுமையாய்க் கிடக்கும்.

பாடம் சொல்லும் தொழிலினராகிய நமக்குக் கரைமீது நின்றபோது இங்கிலாந்தின் சதுப்பு நாட்டு ஞாபகம் வந்தது. அங்கே ஹோம் என்றொரு சிறு கிராமம் உண்டு. அதனருகே விட்டில்சி என்னும் பெரிய ஏரி இருந்தது. 1851-ஆம் ஆண்டில் இயந்திரத்தால் நீரையெல்லாம் இறைத்து ஏரியையே வயலாக்கினார்கள். நீர் வடிந்தால் மண் அமுங்கும் என்பதை உணர்ந்து, ஓர் இரும்புத் தூணைத் தரைமட்டம் வரையில் புதைத்தும் வைத்தார்கள். மட்கிய தாவரங்களாலான அம்மண் உலர்ந்து சுருங்கியதால், இன்று அத்தூண் ஆள் உயரத்திற்கு இருமடங்குக்கு மேல் வெளியே நிற்கிறது.

அவர்கள் நீரை விரட்டி உழுதார்கள். நாமோ நீரைத் தேக்கி உழுகிறோம். ஆயினும் மண் இரு நாட்டாருக்கும் ஒரே பாடத்தைத்தான் புகட்டியது. கீழ்ச்செருவாயிலும் கரையின் ஒரு பகுதி, அடியிலிருந்த களிமண் பாரம் தாங்காமையால் உள்வாங்கத் தொடங்கிற்று. எத்தனை மண் கொட்டினாலும் மீண்டும் அமிழ்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரியை முழு அளவுக்கு நிரப்பவும் அஞ்ச வேண்டியதாயிற்று. பெரும் பொருள் செலவிட்டுக் கரையைச் செப்பனிட்டார்கள். கரை ஓரடி தாழ்ந்தால் தேங்கும் நீரும் ஓரடி தாழும். அதன் நஷ்டம் மதகுக்கு அருகிலுள்ள வயலுக்கு உடனே தெரியாது. கடைமடைக் குடியானவனின் அடுப்பில்தான் முதலில் தெரியும்.

முன்னாளில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. ஊரார் கூடி ஆண்டுதோறும் தத்தம் வாய்க்காலையும் கரையையும் பேணி வந்தனர். பெரிய கரையை இஞ்சினீயர்கள்தாம் காக்க வேண்டும். ஆனால் வயலுக்குச் செல்லும் சிறு வாய்க்கால்களில் மண்டும் செடியையும் வண்டலையும் அகற்ற, வேறொருவர் வருவார் என்று காத்திருக்க வேண்டுமா? மழை வருவதற்கு முன் செய்யாத வேலையை மழை வந்தபின் செய்ய இயலாது.

திருச்சிச் சாலையில் மார்கழி, தை மாதங்களில் பிரயாணம் செய்யும் நேயர்கள் தொழுதூரில் அரைநாள் தங்கி, குழந்தைகளுடன் இக்கரைமீது ஒருமுறை நடந்து வரட்டும். ஒருபுறம் நீர், மறுபுறம் நெற்பயிர், நடுவே ஒரு மண்கரை. நாம் உண்ணும் சோறு எதன்மேல் நிற்கிறது என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டு கொள்வார்கள்.