கோபாலா... ஜாவாவா?

ரிட்டையர் ஆன பிறகும் எக்ஸ்டென்ஷனில் ஓட்டுகிற ஹெட்கிளார்க் எல்லா ஆபீஸிலும் ஒருவர் உண்டு. எந்த ஃபைல் எங்கே இருக்கு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் உலகில் அந்த ஆசாமியின் பெயர் கோபோல். 1959-ல் அமெரிக்காவில் ஒரு கமிட்டி கூடி உருவாக்க ஆரம்பித்த மொழி. இன்னும் பாங்க், இன்ஷூரன்ஸ் என்று கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது.

என் அக்கா மகனுக்குக் கம்பெனியில் ரெண்டு பேட்ச் காட்டினார்கள். கோபோல் அல்லது ஜாவா. திங்கட்கிழமைக்குள் சொல்லணும். வீட்டில் ரகளை.

"யாருடா அந்த கோபால்? அவர்கிட்டே ஏன் வேலை பார்க்க மாட்டேங்கறே?" என்றாள் அக்கா.

"ஐயோ, அது செத்த மொழிம்மா! ரெண்டு வருஷம் கழிச்சு எவன் வேலை தருவான்?"

பயம் நியாயம்தான். படிப்புக் கடனுக்குத் தவணை அடுத்த மாசம் ஆரம்பம். பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நான் பி.காம். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் ட்ரயல் பேலன்ஸ் இடித்ததால் ராத்திரி பதினொரு மணி வரை ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்த அனுபவம் உண்டு.

"எதுலடா பைசா சரியா வரும்?" என்று கேட்டேன்.

பையன் நெளிந்தான். ஜாவாவில் 0.1-ஐயும் 0.2-ஐயும் சாதாரணமாகக் கூட்டிக் காட்டினான். 0.30000000000000004 என்று வந்தது!

"அந்தக் கடைசி நாலு யார் வீட்டுப் பணம்?"

மெஷினுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாகத்தான் கணக்காம். பத்தில் ஒன்று அதில் முழுசாக அடங்காது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகிற மாதிரி. ஜாவாவிலும் பைசா சுத்தமாகப் பார்க்க ‘பிக்டெசிமல்’ இருக்கிறது. ஞாபகமாக அதை எடுத்துப் பயன்படுத்தணும். கோபோலிலோ ரூபாய்க்கு இத்தனை இலக்கம், பைசாவுக்கு ரெண்டு இலக்கம் என்று முதலிலேயே கட்டம் போட்டுவிடலாம். அசல் லெட்ஜர்! எனக்கு அங்கேயே பிரியம் வந்துவிட்டது.

குறையும் இருக்கு. வளவளா பேர்வழி. ஒரு கூட்டலுக்கு ஒரு வாக்கியம் எழுதி, முற்றுப்புள்ளி வேறு வைக்கணும். துளை போட்ட அட்டைக் காலத்துப் பழக்கத்தில், 72-வது கட்டத்துக்கு மேல் எழுதக்கூடாது என்ற சட்டம் ரொம்ப நாள் இருந்தது. புதிதாகக் கடை திறப்பவர் ஜாவா பக்கம் போவதுதான் புத்தி. 1995-ல் வந்தது, எந்த மெஷினிலும் ஓடும், ஆளும் நிறைய. அதான் க்யூவும் நீளம்!

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி கவர்னர், கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். கொரோனாவில் வேலை போனவர்களின் உதவித்தொகை மனுக்கள் குவிந்து, பழைய சிஸ்டம் திணறிய நேரம்.

"கோபோல்ல சேரு. ராத்திரி ஜாவா படி. பழசைப் புதுசா மாத்தணும்னாலும் பழசைப் படிக்கத் தெரிஞ்சவன் வேணும்டா" என்றேன்.

"அதையெல்லாம் இப்ப ஏ.ஐ. மாத்திக் கொடுத்துடும் மாமா. 2023-லயே ஐ.பி.எம். அறிவிச்சாச்சு."

"மாத்தினது சரியான்னு டிக் அடிக்க ஆள் வேண்டாமா?"

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தான். திங்கட்கிழமை கோபோல் பேட்ச்சில் பெயர் கொடுத்துவிட்டு, ஜாவா புஸ்தகம் வாங்க என்னிடமே ஐந்நூறு ரூபாய் கேட்டான்.