கரி அணைத்த தண்ணீர்

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கரி சுடும் களங்களால் கிணறு கெட்டுப்போனது என்று ஊர்க்காரர்கள் போராடும் செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வருகிறது. கடைசியாக அப்படி ஒன்றைப் படித்தபோது ஒரு கேள்வி மனதில் தங்கிவிட்டது. நம் வீட்டுச் சுத்திகரிப்பான்களில் தண்ணீரின் வாடையையும் குளோரினையும் பிடித்துவைப்பது பெரும்பாலும் இதே தேங்காய்த் தொட்டியின் கரிதான். தண்ணீரைத் தெளியவைக்கும் பொருள் பிறக்கிற இடத்தில் தண்ணீர் ஏன் கெடுகிறது? கொப்பரை வியாபாரம் செய்யும் நண்பர் தனக்குப் பழக்கமான களம் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனார்.

காங்கேயத்தைச் சுற்றி எங்கு திரும்பினாலும் உலர்களங்கள். பருப்பு எண்ணெய்க்குப் போய்விடுகிறது, தொட்டி மிஞ்சுகிறது. ஒரு காலத்தில் அடுப்பெரிக்கவும் செங்கல் சூளைக்கும் போன தொட்டிக்கு இன்று லாரி வந்து நிற்கிறது.

நாங்கள் போன களத்தில் குழி பார்ப்பவர் அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. பாவாடை கட்டிய வயதில் பருப்பு நோண்டும் வேலைக்கு வந்தவர். கல்யாணமாகி வந்த ஊரில் மானாவாரிக் காடு கைவிட்டது. புருசனும் பெண்டாட்டியுமாகக் குழிக்கு வந்தார்கள். இப்போது அவர் கணவரால் புகையில் நிற்க முடிவதில்லை; இருமல். மருமகளைக் கூட வைத்துக்கொண்டு இந்த அம்மாதான் குழியை நடத்துகிறார்.

செங்கல் கட்டிய குழியின் அடியில் நெருப்பு வைத்து, தொட்டியை அடுக்கடுக்காகக் கொட்டுகிறார்கள். மேலடுக்கு வரை தீ ஏறியதும் தகரத்தால் மூடி, விளிம்பில் மண் பூசிக் காற்றை அடைக்க வேண்டும். எப்போது அடைப்பது என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. முந்தினால் உள்ளே வேகாத தொட்டி நிற்கும். பிந்தினால் கரி எரிந்து சாம்பலாகும். அங்கே வெப்பமானி ஏதுமில்லை.

“மொதல்ல வெள்ளப் புகைங்க தம்பி, அது தொட்டியில இருக்கற ஈரம். அப்புறம் மஞ்சளா, கெட்டியாக் கிளம்பும். அதுலதான் கண்ணு எரியும், நெஞ்சு அடைக்கும். அது தெளிஞ்சு நீலமா, மெலிசா வந்துச்சுன்னா மூடிப்போடோணும். அந்நேரம் போன் வந்தாக்கூட எடுக்கறதில்லீங்க.”

வேதியியல் நூல் சொல்வதும் இதையேதான். அந்த மஞ்சள் புகையில் தார், பினால் வகைகள், அசிட்டிக் அமிலம், மெத்தனால் எல்லாம் இருக்கின்றன. தொட்டியிலிருந்து அவை வெளியேறினால்தான் கார்பன் மிஞ்சும். மூன்று டன்னுக்கு மேல் தொட்டி சுட்டால் ஒரு டன் கரி. ஆலையில் அந்தக் கரியைத் தொள்ளாயிரம் டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் நீராவியால் அரிக்கவைத்துக் கிளர்வூட்டிய கரியாக்கும்போது எடை மறுபடியும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மிஞ்சுவதில் ஒரு கிராமை எடுத்தால் அதன் துளைச் சுவர்களின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரும். ஒரு டென்னிஸ் களத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல், நான்கு விரல் நுனியில் அடங்குகிறது.

தொட்டிக்கரியின் துளைகள் பெரும்பாலும் இரண்டு நானோமீட்டருக்கும் குறுகலானவை. பினால், பூச்சிமருந்து போன்ற சிறு மூலக்கூறுகள் அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பெரிய சாய மூலக்கூறு வாசலிலேயே திணறும். இதற்காகத்தான் ஆய்வுக்கூடங்களில் கரியை மாற்றியமைக்கிறார்கள். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டால் துளை அகலும். இரும்பு உப்பு ஏற்றிச் சுட்டால், வேலை முடிந்த கரித்தூளைக் காந்தத்தால் நீரிலிருந்து திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் நீரில் கரைந்த உப்பு எந்தக் கரிக்கும் சிக்காது. பக்கத்திலேயே ஓடும் நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சீரழித்ததில் திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்புக்குப் பெரும் பங்குண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் இல்லாமல் அங்கே ஆலை நடத்த முடியாது என்றாயிற்று. கரியால் எல்லாம் சரியாகும் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மூடிய குழி தானாக ஆற இரண்டு நாளாவது வேண்டும் என்றார் அந்த அம்மா. தானாக அணைந்த கரித்துண்டு ஒன்றைக் கல்லில் போட்டுக் காட்டினார். வெண்கலம் போலச் சத்தம். உடைந்த விளிம்பு பளபளத்தது.

“இப்படி விட்டா நல்லாத்தானுங்க இருக்கும். லாரி நிக்குதே? தண்ணி அடிச்சுத்தான் அள்ளறோம்.”

என் கேள்விக்கான பதில் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. சூடான கரியின்மேல் அடிக்கும் நீர் குழிச்சுவரில் படிந்த தாரையும் பினாலையும் கழுவிக்கொண்டு, சிமெண்டுப் பூச்சில்லாத ஒரு பள்ளத்தில் கறுப்பாகத் தேங்குகிறது. அங்கிருந்து மண்ணுக்குள். ஆலைக்குப் போன கரி எந்த மாசை நீரிலிருந்து பிடித்து இழுக்கப் போகிறதோ, அதே வகை மாசு இங்கே ஊர்க் கிணற்றுக்கு இறங்குகிறது.

லாரியை நிறுத்திவைத்து அவசரப்படுத்துபவர் இடைத்தரகர். எடை போடும்போது ‘ஈரம்’ என்று கழிப்பவரும் அவரே. அவருடைய அவசரத்துக்கு அடித்த தண்ணீருக்கு அந்த அம்மாவின் கூலி குறைகிறது! அதன்பின் சல்லடையில் விழுந்த தூளுக்கு ஒரு கழிவு. ஆலையில் அதே கரியைக் கிளர்வூட்டியபின், அது எவ்வளவு உறிஞ்சும் என்பதைக் காட்டும் அயோடின் எண்ணைச் சோதனைக்கூடத்தில் பார்த்துத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ற விலை வைத்துக் கப்பலேற்றுகிறார்கள். புகையின் நிறம் பார்த்து அந்தத் தரத்துக்கு அடிப்படை போட்ட கண்களுக்கு மூட்டைக் கணக்குக் கூலி. ஊர் மக்கள் கோபப்பட்டு வரும்போது முதலில் எதிரில் நிற்பதும் அந்த அம்மாதான். கமிஷன் வாங்கியவர் அந்த நேரத்தில் ஊரிலேயே இருப்பதில்லை. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

புகையை வெளியே விடாமல் உள்ளேயே எரித்துத் தீர்க்கும் மூடிய உலைகள் இருக்கின்றன. விலை இந்தக் களங்களுக்கு எட்டாது. வாங்கும் ஆலைகள்தான் முன்பணம் தர வேண்டும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உலர்ந்த கரிக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று ஆலை நேரடியாக விலை வைத்தால், குழி இரண்டு நாள் மூடிக் கிடக்கும். தண்ணீர் அடிக்க வேண்டியிராது. அந்த அம்மாவிடம் இதைக் கேட்டேன்.

“வெல கெடச்சா நானெதுக்குங்க தண்ணி அடிக்கறேன்? எங்க ஊட்டுக் கெணறும் இங்கதானுங்க இருக்குது.”