ரத்தம் நின்ற பிறகு

செவ்வாய்

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். எண்டோஸ்கோப்பியில் வளையம் போட்டும் அடங்காமல் திரும்பத் திரும்ப வந்த ரத்த வாந்தி, டிப்ஸ் என்ற சிகிச்சை செய்த பிறகு நின்றுவிட்டது. கழுத்துச் சிரை வழியாகக் குழாயை இறக்கி, கல்லீரலுக்குள் ஊசியால் துளைத்து, போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் நடுவே ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சுருங்கி இறுகிப்போன கல்லீரலுக்குள் நுழைய முடியாமல் தேங்கிய ரத்தம் இனி அந்தக் குறுக்குவழியில் நேரே இதயத்துக்குப் போகும். உணவுக்குழாயில் புடைத்திருந்த நாளங்களில் அழுத்தம் இறங்கிவிட்டது.

எதிர்வீட்டு மாமா பார்க்க வந்தார். "அவருக்குப் பழக்கம் உண்டா?" என்று அம்மாவிடம் கேட்டார். அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. சர்க்கரை நோயும் கல்லீரல் கொழுப்பும் சேர்ந்தாலே சிரோசிஸ் என்கிற இந்தக் கல்லீரல் இறுக்கம் வரை கொண்டுபோகும். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளி

ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார், பகலில் உறங்குகிறார். "ஆஸ்பத்திரி அலுப்பு" என்கிறாள் அம்மா. டிப்ஸ் செய்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளைக் குழப்பம் வரலாம், தூக்கம் தலைகீழானால் அசட்டையாக இருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வார்டு சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததைச் செய்து பார்த்தேன். "ஒரு நிமிஷம் டைம். தெரிஞ்ச மிருகமெல்லாம் சொல்லுங்கப்பா." ஆடு, மாடு, நாய். மறுபடி ஆடு. பத்தைக்கூடத் தொடவில்லை. ஓடுகிற பஸ்ஸில் மனக்கணக்காகவே சில்லறை கொடுத்த கண்டக்டர் அவர். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னேன். கை நிலைகொள்ளாமல் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. உடனே ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம்.

ஞாயிறு

மலச்சிக்கல்தான் தூண்டிவிட்டிருக்கிறது. லாக்டுலோஸ் சிரப்பில் வயிறு இளகியதும் தெளிந்துவிட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல்தான் யூரியாவாக மாற்ற வேண்டும். குறுக்குவழியில் போகும் ரத்தம் அந்தச் சுத்திகரிப்புக்குத் தப்பி மூளையைத் தொடுகிறது. ரத்தப்போக்கை நிறுத்தியதும் குழப்பத்தைக் கொண்டுவந்ததும் ஒரே ஸ்டென்ட்தான்.

மருத்துவத்துக்கு இது நெடுநாளாகத் தெரியும். 1877-இல் ரஷ்யாவில் நிக்கோலாய் எக் நாய்களுக்கு இப்படி ஓர் இணைப்பைச் செய்தார். 1893-இல் பாவ்லோவின் குழு, அதே இணைப்புள்ள நாய்கள் இறைச்சி தின்றதும் தள்ளாடி நினைவிழப்பதை எழுதிவைத்தது. 1945-இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் தன் அனுபவத்தை வெளியிட்ட பிறகு, மனிதர்களுக்கும் இவ்வகை அறுவைசிகிச்சை பரவியது. பின்னால் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் ரத்தப்போக்கு நிச்சயமாகக் குறைந்தது, ஆயுள் கூடவில்லை. இவ்வளவு காலம் தெரிந்த ஒரு விளைவை நோயாளியின் வீட்டாருக்கு எளிய தமிழில் அச்சடித்துக் கொடுக்க ஒரு தாள் போதும். எனக்கு ஒரு நல்ல சிஸ்டர் வாய்த்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. "கோவமா பேசுறாரு, வயசாயிடுச்சு" என்கிறார் அந்த அக்கா. அவரிடமும் மிருகப் பரிசோதனையைச் சொன்னேன்.

புதன்

வீட்டில் இன்று முட்டைச் சண்டை. முட்டை, பருப்பு, மோர் எல்லாம் ஆகாது என்று அத்தை போனில் சொல்ல, அம்மா கஞ்சியோடு நிறுத்திவிட்டாள். இறைச்சி தின்று தள்ளாடிய அந்த நாய்களின் பயம் நம் அடுப்படி வரை வந்திருக்கிறது. மருத்துவர்களே நெடுங்காலம் அப்படித்தான் புரதத்தைக் குறைத்தார்கள். 2004-இல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வு, குறைப்பதால் குழப்பம் சீக்கிரம் தெளிவதில்லை என்று காட்டியது. உடம்பின் தசையும் அம்மோனியாவை வாங்கிக்கொள்கிறது. பட்டினி போட்டால் கரைவது அந்தத் தசைதான். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். பாசிப்பயறு, தயிர், முட்டை, படுக்கும் முன் பாலோடு ஏதாவது சிற்றுண்டி என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தூக்க மாத்திரை கூடவே கூடாது என்பதையும். அப்பா முட்டையை உப்பும் மிளகும் போட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனி

டாப்ளர் ஸ்கேனில் ஸ்டென்ட் அடைபடாமல் இருக்கிறது. உறையில்லாத பழைய ஸ்டென்ட்கள் ஓராண்டுக்குள் பலருக்கு அடைத்துக்கொள்ளும். உறை போட்டவை வந்தபின் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. கால் வீக்கம், மூச்சிரைப்பு உண்டா என்று டாக்டர் துருவினார். திடீரென்று கூடுதல் ரத்தம் திரும்பி வருவதை இதயமும் தாங்க வேண்டுமல்லவா. தினம் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும்படி லாக்டுலோஸ் அளவை நாங்களே கூட்டிக் குறைக்கலாம். கூடவே ரிஃபாக்ஸிமின் மாத்திரை. குழப்பம் அதற்கும் மசியாவிட்டால் ஸ்டென்ட்டையே குறுக்கலாம், ஆனால் அப்போது ரத்தப்போக்கு திரும்பும் அபாயம் உண்டு.

மாற்றுக் கல்லீரல் பற்றியும் பேச்சு வந்தது. பில்லிருபின், கிரியேட்டினின், ஐ.என்.ஆர். மூன்றையும் வைத்து மெல்ட் மதிப்பெண் போட்டார். டிப்ஸ் செய்தவர்களில் யார் பிழைப்பார்கள் என்று கணிக்க 2000-இல் மேயோ கிளினிக்கில் பிறந்த கணக்காம் அது. பிறகுதான் அது மாற்றுக் கல்லீரலுக்கான வரிசைக்கு வந்திருக்கிறது. "இப்பவே பதிஞ்சு வைக்கலாமா டாக்டர்?" என்றேன். அடுத்த ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.