வாசலிலிருந்து ஜித்தா வரை

"ஜித்தாவுக்கு எத்தின மணித்தியாலம் தம்பி?"

மக்காவுக்கு உம்றா யாத்திரை போக என்னிடம் டிக்கட் எடுக்க வருகிற உம்மாமார் முதலில் கேட்பது இதைத்தான். விலை பிறகு. நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. எந்த மாதம் பயணம், வீடு எங்கே என்று திருப்பிக் கேட்பேன்.

கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா ஏறக்குறைய 4,650 கிலோமீற்றர். மணிக்கு 850 என்று வகுத்தால் ஐந்தரை மணித்தியாலம் வரும். நேரடி விமானத்துக்கோ ஆறரை அளவில் பிடிக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, எல்லாம் அதற்குள் அடக்கம். மார்கழி, தையில் அரபு நாட்டுக்கு மேலே மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். போகும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டும். திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்து விடும்.

டிக்கட்டில் உள்ள இரண்டு நேரத்தையும் கழித்துப் பார்ப்பவர்கள் அதிகம். காலை 8 மணிக்கு ஏறி 12 மணிக்கு இறக்கம் என்றால், "நாலு மணித்தியாலந்தானே!" ஏறுவது இலங்கை மணி, இறங்குவது சவூதி மணி, இடையில் இரண்டரை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளியபோது அது மூன்றரையானது, பிறகு மூன்று. 2006 சித்திரையில்தான் பழையபடி இரண்டரைக்கு வந்தது.

உம்றாப் பயணிகளுக்குக் கணக்கு இன்னும் நுணுக்கம். இஹ்ராம் கட்டி யாத்திரை நிலைக்குள் புகவேண்டிய மீக்காத் எல்லையை விமானம் வானத்திலேயே தாண்டிவிடும். நிமிடத்துக்கு 14 கிலோமீற்றர் போகிற வேகம். எல்லை வருகிறதென்று விமானத்தில் அறிவித்த பிறகு கழிவறை வரிசையில் நின்று உடுப்பு மாற்றலாம் என்றிருந்தால் எல்லை பின்னால் போய்விடும். ஆண்களிடம், இஹ்ராம் துணியைக் கட்டுநாயக்கவிலேயே உடுத்திக்கொண்டு நிய்யத்தை, அதாவது யாத்திரை எண்ணத்தை, மேலே பறக்கையில் வையுங்கள் என்பேன். நான் சைவக்காரன், இதெல்லாம் அக்கரைப்பற்று ஹாஜியார் ஒருவர் சொல்லித் தந்தது. நோன்பு காலத்தில் பகல் விமானம் என்றால் அதையும் சொல்லிவைப்பேன்: மேற்கே போகிறவருக்குச் சூரியனும் கூடவே வரும், நோன்பு திறக்க ஊரைவிட இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தும்.

ஆனால் ஆக நீளமான துண்டு தரையில்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் இருக்கிற எங்கள் வினாயகபுரத்துக்குக் கட்டுநாயக்க கிட்டத்தட்ட நேர் மேற்கே. கோடு போட்டு அளந்தால் 220 கிலோமீற்றர்கூட வராது. நடுவில் மலைநாடு. வேன் பொத்துவில், மொனராகலை, இரத்தினபுரி என்று சுற்றி, சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் நிறுத்திப் போய்ச்சேர எட்டு ஒன்பது மணித்தியாலம். ஜித்தாவுக்குப் பறக்கிற நேரம் அதைவிடக் குறைவு! விமான நிலைய வாசல் வரை வந்து சேர்வது பயணியின் பாடு என்று எங்கள் தொழிலில் பலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கடற்கரையிலிருந்து புறப்படுகிற ஆளுக்குக் கொழும்புக்காரரின் கணக்கைக் கொடுத்து என்ன செய்ய?

ஆகவே டிக்கட்டோடு ஒரு துண்டுத்தாளும் கொடுப்பேன், பின்னிருந்து முன்னாக எழுதி. விமானம் காலை 8. கவுண்டரில் 5. வேன் முதல்நாள் இரவு 7. இறங்கியபின் குடிவரவு, பெட்டி, மக்கா பஸ். ஹோட்டல் வாசலில் அங்கத்தைய மணி பின்னேரம் 4, இங்கே ஆறரை. கூட்டினால் இருபத்திமூன்றரை.

"அப்ப ஒரு நாள் எண்டு சொல்லுங்களன்."

"ஓம் உம்மா, ஒரு நாள். சீனி வருத்தத்து மருந்தைப் பெட்டியில போட்டுராதீங்க, கைப்பையில வையுங்க."