இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 38 வருடம் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர் அவர். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனது. வேலைக்குப் போய்வந்ததெல்லாம் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான். கார் என்றால் அவருக்குப் பின் சீட்டு. அதுவும் யாராவது கூப்பிட்டால்!

ஓய்வு பெற்றதும் மகள் ஒரு யோசனை சொன்னாள். "அப்பா, ஆட்டோமேட்டிக் வண்டியில கிளட்சே கிடையாது. வலது கால் போதும்."

12 வருடப் பழைய வண்டி ஒன்று இரண்டேகால் லட்சத்துக்குக் கிடைத்தது. ஓட்டிப் பழகி, முறைப்படி லைசென்ஸும் வாங்கினார். மாதம் ஒருமுறை மனைவியை மதுரை கண் ஆஸ்பத்திரிக்கு அவரே அழைத்துப் போனார். "எங்க வீட்டுக்காரர் ஓட்டிக்கிட்டு வந்தாரு" என்று அந்த அம்மா பக்கத்துப் படுக்கைக்காரரிடம்கூடச் சொல்வார்.

மூன்றாம் வருடம் பிரச்னை தொடங்கியது. 'D'யில் போட்டால் இரண்டு விநாடி சும்மா நிற்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி 'டக்'கென்று கிளம்பும். சில நாளில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இன்ஜின் கத்தும். வேகம் மட்டும் ஏறாது.

மதுரையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினார். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் மாத்தணும் சார். 90 ஆயிரம் ஆகும்" என்றார்கள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. "வித்துரலாம்" என்றார். மனைவி பதில் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து யாரைக் கூப்பிடுவது என்ற யோசனைதான் இருவருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். வெடி வாங்க வரும் வெளியூர் வண்டிகளால் சிவகாசி ரோடு நிறைந்திருந்தது. மதுரையிலிருந்து திரும்பும்போது, ஆமத்தூர் தாண்டி ஊர்ந்து ஊர்ந்து போன கார் ஒரேயடியாக நின்றுவிட்டது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மனைவிக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

லோடு வேன்காரப் பையன் ஒருவன் கயிற்றோடு வந்தான். டீக்கடைக்காரரோ விருதுநகர் மெக்கானிக் ஒருவருக்கு போன் போட்டுக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, கயிறு கட்டி இழுக்க விட்றாதீங்க" என்பதுதான் அந்தத் தம்பி சொன்ன முதல் வார்த்தை. "இன்ஜின் ஓடுனாத்தான் கியர்பாக்ஸ் உள்ள ஆயில் பம்ப் ஓடும். ஆஃப் பண்ணிட்டு சக்கரத்தை உருட்டி இழுத்தா, ஆயில் இல்லாம எல்லாம் தேஞ்சு போயிரும். மேல ஏத்திக் கொண்டுவர்ற வண்டிய அனுப்புறேன்."

மறுநாள் பட்டறையில் அந்தத் தம்பி கம்ப்யூட்டரை மாட்டுவதற்கு முன் பேட்டரியைச் சோதித்தார். கரன்ட் குறைந்தாலும் கியர் மாற்றும் வால்வுகள் குழம்பிவிடுமாம். பேட்டரி நன்றாக இருந்தது. பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடானதும் இன்ஜின் ஓட, 'P'யில் வைத்து, கியர் ஆயில் குச்சியை உருவினார். அந்த வண்டியின் கையேட்டில் அளவு பார்க்கும் முறை அதுதான். சில வண்டிகளில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சிலவற்றில் குச்சியே இருக்காது.

ஆயில் குறைந்தபட்சக் கோட்டைத் தொடவே இல்லை. வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்த அண்ணாச்சி, "லேசா கருகல் அடிக்குதே" என்றார்.

"இது பெட்ரோல் மாதிரி செலவாகித் தீராது அண்ணாச்சி. குறைஞ்சிருந்தா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம்."

கசிவு கிடைத்தது. ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் போயிருக்கிறது. ஆயில் குறைந்ததும் பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. அழுத்தம் இல்லாமல் உள்ளே கிளட்ச் தகடுகள் வழுக்கியிருக்கின்றன. வழுக்கலில் சூடு, சூட்டில் கருகல்.

"கிளட்ச் இல்லைன்னாங்களே?"

"உங்க காலுக்குத்தான் இல்ல. உள்ள இருக்கு."

அடித்தட்டைக் கழற்றியபோது அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டார். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டுமே இருந்தது. அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் கிடந்திருந்தால் கதை வேறு. குழாய், ஃபில்டர், கையேட்டில் சொன்ன அதே வகை ஆயில். ஒரே தடவையில் பழைய ஆயில் முழுக்க வடியாது என்பதால், சில நாள் ஓட்டவிட்டு மறுபடி ஒருமுறை மாற்றினார். மொத்தச் செலவு 9,400 ரூபாய்.

"தகடு கொஞ்சம் சூடு பட்டிருக்கு. எத்தனை வருஷம் ஓடும்னு எழுதிக் கொடுக்க முடியாது. ஆனா இன்னைக்குக் கியர்பாக்ஸ் மாத்த வேண்டிய வண்டி இல்ல இது."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "நானும் மெஷின்காரன்தான் தம்பி. பிரிண்ட் மங்குனா உடனே பிளேட்டையா மாத்துவோம்? முதல்ல தண்ணியும் இங்க்கும் சரியா இருக்கான்னுதானே பார்ப்போம். சொந்த வண்டின்னதும் பயத்துல மறந்துட்டேன்."

அன்று மாலை விருதுநகரில் எண்ணெய் பரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு அவரே ஓட்டி வந்தார். 'D' போட்டதும் வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

ஆடிப்பெருக்கு தோறும் புது காலண்டர் ஆல்பம் வெளியாகும் ஊர் அது. ஊருக்கெல்லாம் தேதி அச்சடித்தவர், தன் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு மாதத்தின் முதல் தாளிலும் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தார்: 'குச்சி பார்க்கவும்.'

கீழே மனைவியின் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 'மதுரை. அவரே கூட்டிப் போவார்.'