பெரியம்மாவின் "அதுதான்"

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. காபியை வாங்கிய பெரியம்மாவின் கையிலிருந்து டம்ளர் நழுவிற்று. வலது கை அப்படியே தொங்கிப் போயிற்று. "என்ன பெரியம்மா?" என்று பதறினேன். "அதுதான்... அதுதான்..." என்றாள். அன்று முதல் எதைக் கேட்டாலும் இதே பதில்தான்.

"பாவம், புத்தி பேதலித்துவிட்டது" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். உங்களிடம் ஒளிப்பானேன்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டிலருகிலேயே நின்றுகொண்டு, ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் என்று தம்பியோடு வாதாடினேன். திரும்பிப் பார்த்தால், பெரியம்மாவின் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஸ்கான் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். இடது நெற்றிப் பொட்டுக்கு உள்ளே ஒரு கறுப்புத் திட்டு.

"பேச்சை உருவாக்குவதில் இந்த இடத்துக்குப் பெரிய பங்கு. புரிந்துகொள்வதற்கு முக்கியமான இடம் காதுக்குச் சற்று மேலே, பின்னால் இருக்கிறது, அது பழுதாகவில்லை. சாதாரணமாக நீங்கள் பேசுவதெல்லாம் அம்மாவுக்குப் புரிகிறது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்புறந்தான் புத்தகங்களைப் புரட்டினேன். 1861-இல் பாரிஸ் நகரத்து டாக்டர் பால் புரோக்காவிடம் ஒரு நோயாளி வந்தாராம். கிட்டத்தட்ட "டான்" என்ற ஓசையைத் தவிர வேறு பேச்சு வராது. பிறர் சொல்வது மட்டும் புரியும். சில நாட்களில் அவர் இறந்த பிறகே, மூளையை எடுத்துப் பார்த்து, பழுது இடது முன்பகுதியில் என்று கண்டார் புரோக்கா. 1874-இல் வெர்னிக்கே என்பவர் இதற்கு நேர்மாறானவர்களைப் பற்றி எழுதினார்: பேச்சு சரளமாக வரும், புரிவதுதான் இல்லை!

அந்த நாளில் ஆள் போனால்தான் மூளையைப் பார்க்கலாம். 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எஞ்சினீயரின் யந்திரம், வறுவலுக்கு வாழைக்காய் சீவுகிற மாதிரி, உயிருள்ளவரின் மூளையை எக்ஸ்ரேயினாலேயே வில்லை வில்லையாகக் காட்டிவிட்டது. 1990-களில் காந்தத்தைக் கொண்டு, வேலை செய்கிற மூளையில் ரத்தம் எங்கே கூடுதலாகப் பாய்கிறது என்றும் பார்த்தார்கள். பத்திரிகைகளில் வருகிறதே வண்ண வண்ணப் படம், அது இந்தக் கணக்குத்தான். எண்ணத்தின் போட்டோ அல்ல! விறகுச் செலவைப் பார்த்துச் சமையலை ஊகிப்பது போல. அதுவும் ஐந்தாறு விநாடி தாமதமாக. தலையில் கம்பிகளை ஒட்டி மின் துடிப்பைப் பதிவு செய்யும் முறை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடப் பிடித்துவிடும். இடத்தைத்தான் துல்லியமாகச் சொல்லாது.

பெரியம்மாவின் மனசை எந்தப் படத்தில் பார்ப்பது? அன்று மாலை அவள் அருகில் உட்கார்ந்து, "பெரியம்மா, அன்றைக்கு நான் பணத்தைப் பற்றிப் பேசினது..." என்று ஆரம்பித்தேன். இடது கையால் என் வாயைப் பொத்தினாள்.

"அதுதான்... அதுதான்..." என்றாள்.